பிடிலும் ஞானப்பாட்டும்

ஸ்வீடன் தேசத்துச் சங்கீதம் என்றவுடன் உலகெங்குமுள்ள ரசிகர்களின் காதில் முதலில் வந்து நிற்பது ஒரு கோடைகாலத்து மெட்டுத்தான். ஹ்யூகோ ஆல்வேன் 1903ஆம் ஆண்டில் இயற்றிய ‘மிட்ஸொம்மார்வாகா’ என்ற ராப்ஸோடி, நடுக்கோடையில் இரவென்பது பெயரளவில் மட்டும் வந்து போகும் அந்த நாட்டில் கிராமத்தார் உறக்கத்தைத் துறந்து ஆடிப்பாடிக் களிப்பதைச் சொல்வது. அரங்கேறிய காலத்திலிருந்து அதன் புகழ் குன்றியதே இல்லை. அதன் முதல் மெட்டை மட்டும் தனியே எடுத்து 1953இல் பெர்ஸி ஃபெயித் வெளியிட்ட இசைத்தட்டு, ஸ்வீடன் எந்தத் திசையில் இருக்கிறது என்றுகூடத் தெரியாதவர்களையும் அந்த மெட்டை முணுமுணுக்கச் செய்தது. அது சுகமான சங்கீதம். அதைக் குறைத்துப் பேச எனக்கு எண்ணமில்லை. ஆனால் அந்தக் கோடை வெளிச்சத்துக்குப் பின்னால், குளிர்காலத்து இருட்டில், அதைவிட ஆழமான ஒரு சிருஷ்டி கேட்பாரற்று நிற்கிறது என்பதைச் சொல்லாமல் இருப்பது நியாயமாகாது. வில்ஹெல்ம் ஸ்டென்ஹம்மார் 1907இல் எழுதிய ‘மிட்வின்டர்’, அதாவது ‘நடுக்குளிர்’ என்ற ராப்ஸோடியைத்தான் சொல்கிறேன். வாத்தியக் கோஷ்டியும் பாடகர் குழுவும் சேர்ந்து நிகழ்த்தும் அந்த உருப்படி பன்னிரண்டு நிமிஷ அளவினதே. ஆனாலும் ஒரு ஜனசமூகம் தன்னுடைய இரண்டு பாதிகளோடும் சமாதானம் செய்துகொள்வது அந்தப் பன்னிரண்டு நிமிஷத்துக்குள் நடந்துவிடுகிறது என்பது என் அபிப்பிராயம்.

டிசம்பர் மாதத்து இரவொன்றில், வீட்டில் எல்லோரும் உறங்கிய பிறகு, விளக்கை அணைத்துவிட்டு அதை முதன்முதலாகக் கேட்டேன். கோத்தன்பர்க் நகரத்து வாத்தியக் கோஷ்டி நீமே யார்வியின் தலைமையில் ஒலிப்பதிவு செய்தது. தந்தி வாத்தியங்களில் கிராமிய நடனத்தின் துள்ளல் கேட்டுக்கொண்டிருந்தபோது, இதுவும் குடியானவர் கூத்தைப் பட்டணத்து அரங்கில் அழகுபடுத்திக் காட்டும் முயற்சிகளுள் ஒன்று என்றே நினைத்தேன். பிறகு மனிதக் குரல்கள் வந்தன. பறைசாற்றிக்கொண்டு வரவில்லை, இருட்டில் நடந்து வருகிறவர் கையிலுள்ள விளக்கு முதலில் ஒரு மினுக்கலாகத் தெரிந்து, அப்புறம் முகம் தெரிவதைப்போல வந்தன. வாத்தியங்கள் மாத்திரம் இருக்கும் என்று எண்ணிக்கொண்டு கேட்கிறவனுக்குக் குரல் என்பது எத்தனை பெரிய வஸ்து என்பதை அன்று உணர்ந்தேன். அந்தக் குரல்கள் பாடியது ‘ஆசீர்வதிக்கப்பட்ட நாள்’ என்று பொருள்படும் பெயருடைய, மத்திய காலத்திலிருந்தே வட நாடுகளில் வழங்கிவரும், பொழுது புலர்வதை வரவேற்கும் ஒரு ஞானப்பாட்டு என்பதையும், அதற்கு முன் நான் கேட்ட நடனத்துக்கும் அந்தப் பாட்டுக்கும் இடையே நெடுநாளைய பகை இருந்தது என்பதையும் பிற்பாடுதான் தெரிந்துகொண்டேன்.

அந்தப் பகையைச் சொல்லுமுன் அந்த மெட்டுகள் வழங்கிய இடத்தைச் சொல்ல வேண்டும். தமிழில் பனி என்ற ஒரே சொல் புல்லின் நுனியில் நிற்கும் துளியையும் குறிக்கும், காலை மூட்டத்தையும் குறிக்கும், மலைமேல் உறைந்து கிடப்பதையும் குறிக்கும். ஆகையால் ஸ்வீடனின் மத்தியப் பிரதேசமான டாலர்னாவில் பனி என்றால் என்ன என்பதை நாம் கொஞ்சம் முயன்றுதான் மனத்தில் வாங்கிக்கொள்ள முடியும். அங்கே சில்யான் என்று ஒரு பெரிய ஏரி இருக்கிறது. 37 கோடி ஆண்டுகளுக்கும் முன்னால் விண்ணிலிருந்து ஒரு பெருங்கல் வந்து மோதியதால் உண்டான வட்டப் பள்ளத்தின் ஓரத்தில் தேங்கிய நீர் அது. அதைச் சுற்றி மூரா, ஊர்ஸா, ரெட்விக், லெக்ஸான்ட் என்று கிராமங்கள். நடுக்குளிரில் மூராவில் பகற்பொழுது ஆறு மணி நேரம்கூட நீடிப்பதில்லை. ஏரி உறைந்து பாதையாகிவிடும். மாலை என்று நாம் சொல்லும் வேளைக்கு வெகு முன்பே இருட்டி, மறுநாள் காலை என்று நாம் சொல்லும் வேளை கடந்து வெகு நேரம் சென்றும் இருட்டாகவே இருக்கும். பழைய வழக்கங்களை அந்த ஊர்கள் எவ்வளவு நாள் காப்பாற்றி வைத்திருந்தன என்பதற்கு ஒன்று சொன்னால் போதும்: மூராவுக்கு வடக்கேயுள்ள எல்வ்டாலனில், மற்ற இடங்களில் என்றோ வழக்கொழிந்து போன ரூன் எழுத்துகளைப் பத்தொன்பதாம் நூற்றாண்டிலும் மரப்பலகைகளில் கீறி எழுதிக்கொண்டிருந்தார்கள். அப்படிப்பட்ட இடத்தில் மெட்டுகளும் நெடுநாள் உயிரோடிருந்ததில் ஆச்சரியமில்லை.

அந்த நீண்ட இருட்டின் நடுவில் கிறிஸ்துமஸ் வருகிறது. அன்று விடியுமுன் தேவாலயத்தில் நடக்கும் ஆராதனைக்கு ‘யூலோட்டா’ என்று பெயர். ‘ஒட்டா’ என்பது இரவின் கடைசிப் பகுதி, நாம் வைகறை என்கிறோமே, அதேதான். பண்ணை வீடுகளிலிருந்து குடும்பம் குடும்பமாகச் சறுக்கு வண்டிகளில் ஏறிப் புறப்படுவார்கள். குதிரையின் கழுத்தில் சதங்கை. கையில் பிசின் கசியும் பைன் கட்டையால் செய்த தீவட்டி. வழியிலுள்ள வீடுகளின் ஜன்னல்களில் மெழுகுவர்த்தி. காட்டுக்குள்ளிருந்து ஒவ்வொரு திசையிலும் ஒவ்வொரு நெருப்புச் சரம் இறங்கி வந்து தேவாலயத்து வாசலில் சேரும். அங்கே தீவட்டிகளையெல்லாம் ஒன்றாகக் குவித்துப் போடுவார்கள். அந்தச் சொக்கப்பானை வெளியே எரிந்துகொண்டிருக்கும்போது உள்ளே பாட்டு எழும். ஆராதனை முடிந்து வெளியே வந்ததும் அதே ஜனங்கள் வண்டியில் ஏறிக் குதிரைகளை விரட்டுவார்கள். எவன் முதலில் வீடு போய்ச் சேருகிறானோ அவன் நிலத்தில்தான் வருகிற பருவத்தில் முதல் விளைச்சல் என்பது நம்பிக்கை. அன்றைக்கு மட்டும் வீட்டில் அமைதி காப்பார்கள். மறுநாள் முதல் விளையாட்டும் நடனமும் தொடங்கி, ஜனவரி 13ஆம் தேதி வரும் க்னூட் திருநாள் வரை நடக்கும். ஆக, பிரார்த்தனையும் ஆட்டமும் ஒரே பருவத்தின் இரு முகங்களாகவே அந்த மக்களிடம் இருந்தன. அவற்றைப் பிரித்தவர்கள் வேறு.

ஆட்டத்துக்குப் பெயர் ‘போல்ஸ்கா’. மூன்றெண்ணிக்கைத் தாளம், ஆனால் மூன்றும் ஒரே எடையில் விழாது. பிடில்காரன் வாசித்துக்கொண்டே முதல் எண்ணிக்கைக்கும் மூன்றாவது எண்ணிக்கைக்கும் காலைத் தரையில் தட்டுவான். இரண்டாவது எண்ணிக்கை இடையில் மிதந்துகொண்டு நிற்கும். அந்த மிதப்பில்தான் ஜோடிகள் சுழலுவார்கள். விரல் ஒரு ஸ்வரத்தில் நேராகப் போய் நிற்பதில்லை. அதற்குக் கீழும் மேலும் தொட்டு, சில மெட்டுகளில் பியானோவின் இரண்டு கட்டைகளுக்கு நடுவே விழும் ஸ்தானத்தில் நின்று, பக்கத்துத் தந்தியையும் கூட உராய்ந்து ஒலிக்கச் செய்து வாசிப்பான். எழுதிய ஸ்வரம் எதுவும் அவனுக்கு இல்லை. தகப்பனிடம் கேட்டதும் கல்யாண ஊர்வலங்களில் பழகியதுமே அவனுடைய வித்தை. இந்தப் பிடிலைப் பத்தொன்பதாம் நூற்றாண்டில் கிராமந்தோறும் பரவிய சமய எழுப்புதல் இயக்கத்தின் பிரசங்கிகள் பிசாசின் வாத்தியம் என்று சொன்னார்கள். அதைச் சொன்னவர்கள் தீயவர்கள் அல்லர். சாராயமும் சண்டையும் நடனப் பந்தலைச் சுற்றியே வளர்ந்ததைக் கண்டு மனம் வெதும்பியவர்கள். ஆனால் சாராயத்தின் பாவத்தைத் தந்தியின் தலையில் சுமத்தினார்கள். மனம் திரும்பிய பிடில்காரர்கள் தங்கள் வாத்தியத்தைத் தாங்களே நெருப்பில் போட்டார்கள். தன் தகப்பன் வாசித்த மரத்தைத் தன் கையாலேயே எரிக்கிறவன் அந்த நெருப்பின் முன் நின்று என்ன நினைத்திருப்பான் என்று எண்ணும்போதெல்லாம் எனக்கு நெஞ்சு கனத்துப் போகிறது. அந்த மரத்தோடு எரிந்த மெட்டுகளுக்குக் கணக்கு வைத்தவர் யாருமில்லை.

பிடில்தான் தண்டிக்கப்பட்டது, ஞானப்பாட்டாவது க்ஷேமமாக இருந்ததா என்றால், அதுவும் இல்லை. டாலர்னாவின் குடியானவர்கள் தேவாலயத்தில் பாடிய விதம் புஸ்தகத்தில் அச்சாகியிருந்த விதம் அன்று. ஒவ்வோர் அசையையும் நீட்டி, வளைத்து, நம்முடைய கமகத்துக்கு நெருங்கிய அசைவுகளோடு, காலப்பிரமாணத்தை மூச்சின் நீளத்துக்கு விட்டுவிட்டுப் பாடினார்கள். பக்கத்தில் நிற்பவர் அதே மெட்டைச் சற்று வேறாக வளைப்பார். நூறு பேரும் ஒரே பாட்டைப் பாடும்போது நூறு கிளையுள்ள ஒரே மரம் அசைவதுபோல் அது இருந்திருக்க வேண்டும். படித்த மதகுருமார்களுக்கு இது அநாகரிகமாகப் பட்டது. பேராயராகப் பிற்காலத்தில் உயர்ந்த வாலின் 1819இல் பாட்டுப் புஸ்தகத்தின் சாகித்தியத்தைப் புதுக்கி அமைத்தார். நான் சொல்லிக்கொண்டிருக்கும் அந்தப் புலர்காலைப் பாட்டையும் அவர் திருத்தினார். அடுத்த ஆண்டிலேயே ஹெப்னர் என்பவர் மெட்டுகளைச் சம அளவுள்ள நெடில் ஸ்வரங்களாக நிரவி வெளியிடத் தொடங்கினார். 1830இல் டில்னர் என்ற குரு ‘சால்மோடிகான்’ என்ற வாத்தியத்தைப் பரப்பினார். நீண்ட மரப்பெட்டி ஒன்றின் மேல் ஒரே ஒரு தந்தி. கீழே எண்ணிட்ட கட்டைகள். இந்த எண்ணில் விரலை வை, இந்த ஸ்வரம் வரும், இதைத்தான் பாட வேண்டும், வேறெதையும் பாடக்கூடாது. ஆர்கன் வாங்க வசதியில்லாத ஏழைத் தேவாலயங்களுக்கு அது பெரிய உபகாரம் செய்தது என்பது உண்மை. அதோடுகூட, தலைமுறை தலைமுறையாக வளைந்து வந்த ஒரு பாட்டை ஒற்றைத் தந்தியில் நிமிர்த்திக் கட்டிவிட்டது என்பதும் உண்மை. (லூத்தரன் சபையின் பாட்டு மரபு நமக்கு அந்நியமன்று, தரங்கம்பாடி மிஷன் காலத்திலிருந்து தமிழ்ச் சபையார் அவற்றை ஞானப்பாட்டு என்றே வழங்குகிறார்கள், 1919இல் அமைந்த தமிழ் லூத்தரன் திருச்சபைக்கு முதல் அத்தியக்ஷராக வாய்த்தவரும் ஹேமன் என்ற ஸ்வீடன் தேசத்தாரே. அதனால்தான் அந்தப் பெயரையே இங்கும் எடுத்தாளுகிறேன்.)

பிரசங்கி பிடிலைக் கண்டித்தார். சபையின் பண்டிதர் பாட்டைத் திருத்தினார். பிடிலைக் கேட்டால் பாவம், பாட்டைத் தன் இஷ்டப்படி பாடினால் பிழை. ஆடுவதற்கும் தொழுவதற்கும் தனக்கென்று இருந்த இரண்டு வழிகளும் ஒரே நூற்றாண்டில் அடைபட்ட ஒரு குடியானவனை நினைத்துக்கொண்டு ஸ்டென்ஹம்மாரைக் கேட்க வேண்டும் என்பதே நான் இந்தக் கட்டுரையில் முறையிடும் சமாசாரம்.

அவர் குடியானவரல்லர். 1871இல் ஸ்டாக்ஹோமில், கட்டடக் கலைஞரும் தெய்விக சங்கீதம் இயற்றியவருமான தகப்பனுக்கும் பிரபு வம்சத்துத் தாய்க்கும் பிறந்தவர். பெர்லினில் பியானோ கற்றவர். இருபத்துமூன்று வயதிலேயே தம்முடைய முதல் பியானோ கன்சர்ட்டோவால் கீர்த்தி அடைந்தவர். அவரிடம் எனக்கு மிகுந்த மரியாதை உண்டாக்குவது அந்தக் கீர்த்தியன்று, அவருடைய மனச்சாட்சி. 1903இல் அவருடைய முதல் சிம்பொனி, ஹான்ஸ் ரிஷ்டர் என்ற மகா நடத்துநரின் கையில் அரங்கேறியது. ஆனால் பின்லாந்து தேசத்துச் சிபேலியஸின் இரண்டாவது சிம்பொனியைக் கேட்டபோது தம்முடையது இரவல் குரலில் பேசுகிறது என்று அவருக்குத் தோன்றிவிட்டது. அதைத் திரும்பப் பெற்றுக்கொண்டார், மறுபடி மேடையேற விடவில்லை. பின்னாளில், நாற்பது வயதை எட்டும் சமயத்தில், நாடறிந்த வித்வானாக இருந்துகொண்டே, ஆரம்ப மாணவனைப்போலப் பாடப்புஸ்தகத்தை விரித்து வைத்து கவுண்டர்பாயிண்ட் என்னும் எதிர்ச்சுர இலக்கணத்தில் ஆயிரக்கணக்கான பயிற்சிகளை ஆண்டுக்கணக்கில் எழுதித் தள்ளினார். தமக்குத் தெரியாததைத் தெரிந்ததாகக் காட்டிக்கொள்ள முடியாத இப்படிப்பட்ட மனிதர் நாட்டுப்பாடலைக் கையில் எடுப்பதும் சுலபமாக நடக்கிற காரியமன்று. மற்றவர்கள் தேசியக் கொடியைப்போலக் கிராமிய மெட்டுகளை வீசிக்கொண்டிருந்த அந்தக் காலத்தில் அவர் அவற்றை அபூர்வமாகவே தொட்டார். அப்படி அபூர்வமாகத் தொட்டவற்றுள் முதன்மையானது ‘நடுக்குளிர்’.

அதை அவர் எங்கே எழுதினார் என்பது கவனிக்கத்தக்கது. 1906இல் குடும்பத்தோடு இத்தாலிக்குப் போய்ப் புளோரன்ஸில் ஏறத்தாழ ஓராண்டு தங்கினார். எலுமிச்சை காய்க்கிற ஊர். சுவரில் வெயில் படிந்து கிடக்கிற ஊர். அந்த இடத்தில் உட்கார்ந்து அவர் ஸ்வீடனின் இருட்டை எழுதினார். இது புதுமையன்று என்று சொல்லலாம். பிறந்த வீட்டின் வாசனை அந்நிய ஊரில்தான் மூக்கில் ஏறும் என்பது பிரயாணம் செய்தவர்களுக்கெல்லாம் தெரிந்ததே. ஆனால் தூரத்தில் இருந்து எழுதுகிறவர்கள் பெரும்பாலும் ஊரை இனிப்பாக்கிவிடுவார்கள். குளிர் என்றால் கணப்பின் சுகம், பனி என்றால் வெண்மை. இவருடைய குளிரில் வெண்மை மாத்திரம் இல்லை, காற்றும் இருக்கிறது. துள்ளலில்கூட ஒரு முரட்டுத்தனம் இருக்கிறது. உடம்பைச் சூடாக்கிக்கொள்ள ஆடுகிறவர்களின் ஆட்டம் அது. வாழ்த்து அட்டைகளில் வரும் கிறிஸ்துமஸை எதிர்பார்த்துப் போகிறவருக்கு இதில் ஏமாற்றமே கிடைக்கும்.

ராப்ஸோடி என்ற கிரேக்கச் சொல்லுக்குத் தைத்த பாட்டு என்று பொருள். பழைய கதைப்பாடகன் துண்டு துண்டான பாட்டுகளைத் தைத்துக்கொண்டே போவானாம். அந்தப் பெயரில் ஐரோப்பாவில் எழுதப்பட்டவற்றுள் அநேகம், தையல் தெரியாமலிருக்க மேலே ஜரிகை ஒட்டியவை. மெட்டு ஒன்று வரும், அதற்கு அலங்காரம் வரும், அடுத்தது வரும், கடைசியில் எல்லாம் வேகமெடுத்து முழங்கி முடியும். ஸ்டென்ஹம்மார் தைத்தது அப்படியன்று. பிடிலின் மெட்டும் ஞானப்பாட்டும் அவர் கையில் சம அந்தஸ்துடன் அடுத்தடுத்து நிற்கின்றன. பாட்டு வரும்போது ஆட்டம் குற்றவாளியைப்போல விலகி ஓடுவதில்லை; ஆட்டம் நடக்கும்போது பாட்டு முகம் சுளிப்பதில்லை. பாட்டையும் அவர் பண்டிதர்கள் நிமிர்த்தி வைத்த உருவத்தில் எடுக்காமல், கிராமத்தார் வாயில் வளைந்த உருவத்தில் எடுத்தார். தெய்விக சங்கீதம் இயற்றிய தகப்பனின் வீட்டில் வளர்ந்தவர், அச்சுப் புஸ்தகத்தைத் தள்ளி வைத்துக் குடியானவனின் தொண்டையை நம்பினார் என்பதை நான் சிறிய விஷயமாக எண்ணவில்லை.

இதற்கு ஓர் ஆட்சேபம் உண்டு, நியாயமான ஆட்சேபம். எழுதிய ஸ்வரத்தை வாசிக்கும் பெரிய வாத்தியக் கோஷ்டி, இரண்டு கட்டைகளுக்கு நடுவே விழும் அந்த ஸ்தானத்தை எப்படிப் பிடிக்கும்? நூறு கிளையாக அசைந்த பாட்டு, நடத்துநரின் ஒரே கோலுக்குக் கட்டுப்பட்டு நாலு குரலாகப் பிரிந்து பாடப்படும்போது, அதுவும் ஒரு திருத்தந்தானே? டில்னரின் ஒற்றைத் தந்திக்குப் பதில் ஸ்டென்ஹம்மாரின் அறுபது வாத்தியம், அவ்வளவுதானே வித்தியாசம்? இதை ஒதுக்கித் தள்ள என்னால் முடியாது. நஷ்டம் இருக்கிறது. மூராவிலும் ஊர்ஸாவிலும் பரம்பரையாக வாசித்தவர்களின் பழைய ஒலிப்பதிவுகளைக் கேட்டுவிட்டு உடனே இந்த ராப்ஸோடியைக் கேட்டால், ஏதோ ஒரு உவர்ப்பு வடிகட்டப்பட்டிருப்பது எவருக்கும் புலப்படும். ஆனால் டில்னரின் தந்தி, தான் வந்ததும் மற்றது போக வேண்டும் என்று வந்தது. ராப்ஸோடி யாரையும் போகச் சொல்லவில்லை. கிராமத்தானுக்கு அவன் மெட்டைக் கற்றுக்கொடுக்க அது எழுதப்படவில்லை. அவன் மெட்டை ஒரு நாளும் காது கொடுத்துக் கேளாத பட்டணத்தானை உட்கார வைத்துக் கேட்கச் செய்வதற்கு எழுதப்பட்டது. காரியம் வேறு, ஆகையால் நஷ்டத்தின் தன்மையும் வேறு.

மெட்டுகளை உள்ளபடியே காப்பாற்றும் வேலையை வேறு சிலர் அதே சமயத்தில் செய்துகொண்டிருந்தார்கள் என்பதையும் மறக்கலாகாது. ஸ்டென்ஹம்மார் இத்தாலிக்குப் போன அதே 1906இல், மூராவில் பிறந்த ஓவியர் ஆண்டர்ஸ் ஸோர்ன், சில்யான் ஏரிக்கரையில் கேஸுண்டா என்ற கிராமத்தில் கிராமியப் பிடில்காரர்களுக்கு ஒரு போட்டி நடத்தினார். புதிதாக வந்த அக்கார்டியன் பெட்டி பழைய தந்திகளை ஊமையாக்கிவிடும் என்ற பயம் அவருக்கு. ஆடு மாடு மேய்க்கிறவர்களின் கொம்புகளும் அங்கே ஒலித்தன. நில்ஸ் ஆண்டர்ஸன் என்ற சேகரிப்பாளர் ஊர் ஊராகப் போய் வயோதிகர்களை உட்கார்த்தி வைத்து வாசிக்கச் சொல்லி எழுதிக்கொண்டார். ‘ஸ்வென்ஸ்கா லோட்டார்’ என்ற அந்தப் பெருந்தொகுதி 1922 முதல் வெளிவரத் தொடங்கியது. 1921இல் காலமான அவர் முதல் பாகத்தைக்கூட அச்சில் காணவில்லை. பிசாசின் வாத்தியம் என்று எரித்த தலைமுறையின் பேரப்பிள்ளைகள் பரிசும் கௌரவமும் பெற்றுக்கொண்டு அதே வாத்தியத்தை வாசித்தார்கள். இவர்கள் வயல், ஸ்டென்ஹம்மார் சந்தை. இரண்டும் இல்லாவிட்டால் நாட்டுச் சங்கீதத்துக்கு ஜீவனமில்லை.

அந்த ஆண்டுகளில் ஸ்வீடனில் தேசாபிமானம் கொதித்துக்கொண்டிருந்தது. 1905இல் நார்வே பிரிந்து தனி நாடாயிற்று. பசியாலும் நிலமின்மையாலும் அமெரிக்காவுக்குக் கப்பலேறிய ஸ்வீடன் மக்களின் தொகை, அந்தப் பெயர்ச்சி ஓய்ந்த காலத்தில், பத்து லட்சத்தைத் தாண்டியிருந்தது. போனவர்களையும் போனதையும் நினைத்து ஏங்கிய ஒரு நாடு, தன் சொந்தக் குரல் எது என்று தேடியதில் பிழையில்லை. ஆனால் இந்த ராப்ஸோடியில் கேட்கும் சொந்தக் குரலைக் கொஞ்சம் நெருங்கிப் பார்த்தால், ஆட்டத்தின் பெயரான போல்ஸ்கா என்பது போலந்து நாட்டைச் சேர்ந்தது என்றே அர்த்தப்படும். சில நூற்றாண்டுகளுக்கு முன் தெற்கேயிருந்து வந்த ஆட்டம் அது. ஞானப்பாட்டோ டென்மார்க்கிலும் பாடப்படுவது. 1826இல் க்ருன்ட்விக் என்ற டேனிஷ் கவி அதற்குப் புது உருவம் கொடுத்தார். வந்த விருந்தாளியை வீட்டுப் பிள்ளையாக வளர்த்துக்கொள்வதற்கு டாலர்னாவின் குளிர்கால இரவுகளுக்கு நீளம் போதுமானதாக இருந்தது. ஸ்டென்ஹம்மார் இந்தச் சங்கீதத்தில் கொடியேற்றவில்லை என்பதில் எனக்கு மிகுந்த நிம்மதி.

புளோரன்ஸிலிருந்து திரும்பிய அவர், 1905இல் தோன்றியிருந்த கோத்தன்பர்க் வாத்தியக் கோஷ்டியின் தலைமையை 1907இல் ஏற்று, பதினைந்து ஆண்டுகள் அதை வளர்த்தார்; டென்மார்க்கின் நீல்ஸனையும் சிபேலியஸையும் அழைத்து வந்து அவர்களுடைய சங்கீதத்தை ஜனங்களுக்குப் பழக்கினார்; தம் இரண்டாவது சிம்பொனியை அந்தக் கோஷ்டியின் அங்கத்தினர்களாகிய நண்பர்களுக்கே சமர்ப்பித்தார். சிபேலியஸ் தம்முடைய ஆறாவது சிம்பொனியை இவருக்குச் சமர்ப்பித்தார். 1927இல், ஐம்பத்தாறு வயதில், கோத்தன்பர்க்குக்கு அருகேயுள்ள யூன்ஸெரெட்டில் காலமானார். மற்றவர்களின் சங்கீதத்துக்கு இவ்வளவு இடம் கொடுத்தவர் தம்முடையதை முன்னே தள்ளத் தெரியாதவராகவே இருந்தார். ‘நடுக்குளிர்’ ஒதுங்கிக் கிடப்பதற்கு அதுவும் ஒரு காரணம். பன்னிரண்டு நிமிஷ உருப்படிக்காக ஒரு பாடகர் குழுவையே வரவழைக்க வேண்டியிருப்பது இன்னொரு காரணம்.

இரண்டாவது காரணத்தை நான் ஒப்புக்கொள்ள மாட்டேன். டிசம்பர் மாதத்தில் ஐரோப்பாவிலும் அமெரிக்காவிலும் பாடகர் குழு இல்லாத நகரமே இல்லை. பழக்கப்பட்ட பாட்டுகளையே ஒவ்வோர் ஆண்டும் திரும்பத் திரும்பப் பாடி முடிக்கும் அந்தக் குழுக்கள், ஒரே ஓர் ஆண்டு இதற்கு இடம் கொடுக்கக் கூடாதா? பாடுகிறவர்களும் வாசிக்கிறவர்களும் ஏற்கெனவே ஒரே மேடையில் இருக்கிறார்கள். நிகழ்ச்சி நிரலில் ஆல்வேனின் கோடைக்குப் பக்கத்தில் இவருடைய குளிரையும் அச்சிட்டால், ஒரே நாட்டின் மிக நீண்ட பகலும் மிக நீண்ட இரவும் ஒரே மாலையில் கேட்கக் கிடைக்கும். ஸ்வீடனிலேயே இது வருஷந்தோறும் நடக்க வேண்டும் என்று விரும்புகிறேன். சறுக்கு வண்டி யாத்திரை அங்கேயும் பழங்கதையாகிவிட்டது. தேவாலயத்து இருக்கைகளில் காலி இடம் அதிகம். தீவட்டிக் குவியலைக் கண்ணால் கண்டவர்கள் அருகிவிட்டார்கள்.

நம்மவர்களுக்கு ஒரு வார்த்தை. இசைத்தட்டுக்காகக் கடை கடையாய் அலைய வேண்டிய காலம் போய்விட்டது. தேடினால் கைப்பேசியிலேயே கிடைக்கும். முதல் தடவை ஒன்றும் யோசிக்காமல் கேளுங்கள். இரண்டாம் தடவை, நடன மெட்டு வரும்போது வாத்தியக்காரனின் கால் எங்கே தரையில் விழும் என்று கவனித்து, முதல் எண்ணிக்கைக்கும் மூன்றாவதற்கும் உங்கள் காலையும் தட்டிப் பாருங்கள். குரல்கள் வரும்போது நிறுத்திக்கொள்ளலாம். அந்த வேளையில் மூராவின் தேவாலயத்துக்கு வெளியே தீவட்டிகள் கரிந்துகொண்டிருக்கும். குதிரைகள் மூச்சுப் புகையைவிட்டுக்கொண்டு சதங்கை குலுங்க நின்றிருக்கும். உள்ளே, பிடில் வாசிப்பதை விட்டுவிட்ட ஒரு கிழவன், புஸ்தகத்தைத் திறக்காமல், தன் தகப்பன் இழுத்த இழுப்பிலேயே பாடிக்கொண்டிருப்பான்.